பொற்கொடி விழுந்த விவரம்

ஓசூர்,
18.01.2026, ஞாயிறு

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகன் பாஸ்கரன் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் மகள் பொற்கொடியும் நலம். (பொற்கொடியின் நலம் பற்றிய விளக்கம் அடுத்த பக்கத்தில் வரும். அவசரப்பட்டுப் புரட்ட வேண்டாம்.) நாகரசம்பட்டியில் தாங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்றும், மாமரங்கள் இந்த வருடமாவது பூவை உதிர்க்காமல் பிடித்து நிற்கும் என்றும் நம்புகிறேன்.

மேற்கொண்டு படிப்பதற்கு முன் தாங்கள் தயவுசெய்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். காலை மாத்திரை போட்டாகிவிட்டதா என்று அத்தையிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளவும். தங்கள் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. அதிர்ச்சியான செய்தி எதையும் இவரிடம் திடீரென்று சொல்லக் கூடாது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதனால்தான் திடீரென்று சொல்லாமல் பதினான்கு நாள் எடுத்துக்கொண்டேன். இதற்கிடையில் மூன்று முறை தங்களுக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் தாங்கள் எடுத்தவுடனே, "என்ன மாப்ள, நம்ம பொண்ணு எத்தனாவது ரவுண்டுல முடிச்சா?" என்று கேட்டீர்கள். சிக்னல் இல்லை என்று சொல்லி நான் துண்டித்துவிட்டேன். ஓசூரில் அன்று சிக்னல் நன்றாகவே இருந்தது. பொங்கலுக்கு ஊருக்கு வராததற்குக் கம்பெனியில் ஆடிட் என்று காரணம் சொன்னதும் பொய். மன்னிக்கவும். நேரில் வந்தால் என் முகத்தைப் பார்த்தே தாங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மாமா, பொற்கொடி தோற்றுவிட்டாள்.

எழுதியாயிற்று. தண்ணீர் குடியுங்கள். நானும் எழுந்து போய்க் குடித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லைக் கோப்பைக் குத்துச்சண்டை இறுதிப் போட்டி. வழக்கமாக நடக்கும் பள்ளிக்கூட ஹால் கிடைக்காததால், இந்த வருடம் பாகலூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து அதற்குள் ரிங் போட்டிருந்தார்கள். வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்திருந்தார்கள். மேடையில் பெண் மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலி இரண்டும் அப்படியே கிடந்தன, அதில்தான் நடுவர்கள் உட்கார்ந்தார்கள். தங்கள் மகள் ஐந்து வருடமாக ஹெவிவெயிட் சாம்பியன், ஒரு தோல்வி கிடையாது. எதிரே நின்றது கெம்பம்மா என்று ஒரு அம்மாள். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், ரோஜா பண்ணையில் பூ வெட்டுகிற வேலை. சர்க்கரை இருக்கிறது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னாராம். அந்த அம்மாவுக்கு நடக்கப் பிடிக்கவில்லையாம், அதனால் பாக்ஸிங் சேர்ந்தாராம். சேர்ந்து பதினாலு மாசம்தான் ஆகுது. அரையிறுதியில எதிராளி காய்ச்சல்னு வராததால நேரா ஃபைனலுக்கு வந்துட்டாங்க. எங்க வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் "கெம்பம்மாவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்"னு காலையிலயே போட்டுட்டாங்க. நானும் ஒரு மாலை படம் போட்டேன் மாமா. அத இப்ப அழிக்கவும் முடியல.

முதல் ரவுண்டு சாதாரணமா போச்சு. ரெண்டாவது ரவுண்டு ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் இருக்கும். நான் முதல் வரிசையில கையில துண்டும் தண்ணி பாட்டிலுமா உட்கார்ந்திருந்தேன். பாட்டில் மூடி கீழ விழுந்துச்சு, குனிஞ்சு எடுத்தேன். நிமிர்ந்தா பொற்கொடியக் காணோம். எங்க போனான்னு பார்த்தா கீழ இருக்கா. எண்பத்தாறு கிலோ மாமா, விலாவப் புடிச்சிக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சு கிடக்கறா. கல்யாணமாகி ஏழு வருஷத்துல பகல் நேரத்துல அவ படுத்து நான் பார்த்ததே இல்ல. மண்டபத்துல இருந்த அறுநூறு பேரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. ரெஃப்ரி எண்ண ஆரம்பிக்கறார். அந்தக் கெம்பம்மா மூலைக்குப் போய் நிக்காம, பொற்கொடி பக்கத்துலயே மண்டி போட்டு, "ஏளி மேடம், ஏளி, ஏளி"ன்னு எழுப்பறாங்க. ரெஃப்ரி எண்ணறத நிறுத்திட்டு, அந்தம்மாவ மூலைக்குத் தள்ளிவிட்டு வந்து, விட்ட இடத்துலருந்து எண்ணறார். அவங்க மறுபடி வந்து "ஏளி"ங்கறாங்க. ஜெயிச்சவங்களே இவ்வளவு கெஞ்சியும் பொற்கொடியால பத்துக்குள்ள எந்திரிக்க முடியல. பத்து எண்ணி முடிச்சு மணி அடிச்சதுதான் தாமதம், மண்டபத்து மைக் செட்காரர், பொற்கொடி ஜெயிச்சதும் போடறதுக்குன்னு எடுத்து வச்சிருந்த கெட்டிமேளத்தப் போட்டுட்டார். பத்து எண்ணி மணி அடிச்சா போடணும், அதுதான் அவர் கணக்கு, யார் ஜெயிச்சாங்கன்னு அவர் பார்க்கல. முழு நாதஸ்வரத்தோட கெட்டிமேளம் முழங்குது, தங்கள் மகள் தரையில உட்கார்ந்திருக்கா, நான் கையில மூடியோட நிக்கறேன். பின் வரிசையில ஒரு பெரியம்மா பழக்க தோஷத்துல அட்சதையே போட்டுட்டாங்க.

பொற்கொடி எந்திரிச்சா. கெம்பம்மா கையப் புடிச்சித் தூக்கிக் காட்டினா. வீட்டுக்கு வந்தா, குளிச்சா, மூணு தட்டு சோறு சாப்பிட்டா, படுத்துத் தூங்கிட்டா. நான் சாப்பிடல மாமா. எனக்கு இறங்கல.

அடுத்த நாள்லருந்து ஊரே துக்க வீடு மாதிரி ஆயிருச்சு. எங்க கம்பெனி ஷிப்ட் பஸ்ல ஏறினா எல்லாரும் எனக்கு உட்கார இடம் கொடுக்கறாங்க. பன்னெண்டு வருஷமா நின்னுக்கிட்டே போறவன் நான். எங்க லைன்ல வேலை பார்க்கற நவீன்குமார் என் பக்கத்துல உட்கார்ந்து, குரலத் தாழ்த்தி, "அண்ணா, கிளவுஸ்ல ஏதோ வச்சிருக்காங்க"ன்னான். என்ன வச்சிருப்பாங்கன்னு கேட்டேன். "அதான் அண்ணா தெரியல, தெரியாத மாதிரிதான வச்சிருப்பாங்க"ன்னான். டீக்கடையில ஒருத்தர் அன்னைக்குச் சாப்பிட்ட பிரியாணிதான் காரணங்கறார். இன்னொருத்தர் மண்டபத்து வாசல் தெற்குப் பார்த்து இருக்குதுங்கறார். அவளுக்குப் பயிற்சி கொடுக்கற அப்பாஸ் மாஸ்டர் நிலைமைதான் மோசம். பயிற்சிக் கூடத்தப் பூட்டிட்டு, உள்ளுக்குள்ளயே உட்கார்ந்துட்டார். ஜன்னல் வழியாப் பேசினேன். "பாஸ்கரா, நான் ரைட்ல நகருன்னு சொல்லியிருக்கணும், லெஃப்ட்னு சொல்லிட்டேன்"ன்னு அழறார். பொற்கொடி போய், "மாஸ்டர், நீங்க சொன்னது என் காதுலயே விழல, வெளிய வாங்க"ன்னு சொன்னப்புறம்தான் கதவத் தெறந்தார். அதக் கேட்டு இன்னும் கொஞ்சம் அழுதார்.

பொற்கொடி வார்டனா இருக்கற ஹாஸ்டல்ல முந்நூறு பொண்ணுங்க இருக்காங்கன்னு தங்களுக்குத் தெரியும். எல்லாம் ஃபேக்டரிக்குப் போற புள்ளைங்க. இவ ஒரு பார்வை பார்த்தா ஒம்பது மணிக்கு மேல ஒரு செருப்புச் சத்தம் கேக்காது. இனிமே இவளுக்கு யார் பயப்படுவான்னு நான் கவலைப்பட்டேன். திங்கக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்நூறு பேரும் கம்முனு வரிசையில வந்து, ஆளுக்கொரு ஸ்பூன் தயிர இவ தட்டுல வச்சிட்டுப் போயிருக்குதுங்க. இவ, "ஏன்டி, எனக்கு என்ன வயித்துப்போக்கா?"ன்னு கத்தினதும்தான் எல்லாம் சிரிச்சிருக்குதுங்க.

அப்புறம் அந்த ஃப்ளெக்ஸ். எங்க தெரு முனையில போட்டிக்கு முன்னாடியே இருபதடிக்கு வச்சிருந்தாங்க. "தோல்வியே அறியாத எங்கள் பொற்கொடி"ன்னு. போட்டி முடிஞ்சப்புறம் அத எடுக்க யாருக்கும் மனசு வரல. தினமும் அத கடந்துதான் அவ வேலைக்குப் போகணும். பொறுக்க முடியாம புதன்கிழமை விடியக்காலைல நானே பால்காரர் ஏணிய வாங்கி ஏறி ஒரு பக்கக் கயித்த அறுத்தேன். அதுக்குள்ள நாய் துரத்துச்சு, இறங்கி ஓடி வந்துட்டேன். விடிஞ்சு பார்த்தா ஃப்ளெக்ஸ் நடுவுல மடிஞ்சு தொங்குது. "அறியாத"ங்கற வார்த்தை மட்டும் மடிப்புக்குள்ள போயிருச்சு. மிச்சம் இருந்தது "தோல்வியே எங்கள் பொற்கொடி". நாலு பேர் அதப் படம் புடிச்சிக்கிட்டு நின்னாங்க. அவளும் நின்னு பார்த்துட்டு, "யாரு செஞ்ச வேலை இது?"ன்னா. நான் நவீன்குமார்மேல சந்தேகம்னு சொன்னேன். அதுவும் பொய்தான் மாமா.

இப்படி இருக்கும்போதுதான் மறுமோதல் பேச்சு கிளம்புச்சு. போட்டிக் கமிட்டிக்காரங்க, "அடுத்த மாசமே வச்சிருவோம், மண்டபம் இருக்குது, இந்தத் தடவ மைக் செட் வேற ஆளு"ன்னு சொன்னாங்க. பஸ்ல, கேண்டீன்ல, முடிவெட்டற கடையில, எங்க பார்த்தாலும் "எப்ப சார், எப்ப சார்?" பொற்கொடி மட்டும் கண்டுக்கவே இல்ல. கேட்டா, "பாக்கலாம்" அப்படிங்கறா. எனக்கு அவ மேல கோவமே வந்துச்சு. ஐஞ்சு வருஷப் பட்டம், ஒரு பூ வெட்டற அம்மாகிட்ட போயிருக்குது, இவ சாப்பிட்டுத் தூங்கறா. சரி, இவ கேக்கலேன்னா நான் கேக்கறேன்னு பதினொண்ணாம் தேதி ஞாயித்துக்கிழமை, இவகிட்ட சொல்லாம, வண்டிய எடுத்துக்கிட்டு பாகலூர் தாண்டி அந்த ரோஜாப் பண்ணைக்கே போயிட்டேன்.

கெம்பம்மா பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸ் உள்ள கையில கத்திரியோட நிக்கறாங்க. சுத்தி ஆளுயரத்துக்குச் செவப்பு ரோஜா. எனக்குத் தெரிஞ்ச கன்னடம் மொத்தம் மூணு வாக்கியம். அதுல மரியாதையானது எதுவோ அதச் சொல்லுவோம்னு, "ஊட்டா ஆய்த்தா?"ன்னு கேட்டேன்.

"ஆய்த்து சார். ஏன், சோறு கொண்டாந்திருக்கீங்களா?"ன்னாங்க.

"இல்லீங்க. நான் பொற்கொடியோட வீட்டுக்காரர்."

அந்தம்மா கத்திரியக் கீழ வச்சிட்டாங்க. முகம் வெளுத்துருச்சு. "மேடம் எப்படி சார் இருக்காங்க? சாப்பிடறாங்களா? நான் அடிச்சி இதுவரைக்கும் யாரும் விழுந்ததே இல்ல சார். மாட்டக்கூட நான் அடிச்சதில்ல. அன்னைக்கு வீட்டுக்குப் போயி மெடல அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடிட்டேன். எம் புள்ளைங்க எங்கிட்ட வரவே பயப்படுதுங்க."

நான் சொல்ல வந்ததச் சொன்னேன். மறுபடி ஒரு தடவ மோதணும், அடுத்த மாசம், தேதி நீங்களே சொல்லுங்கன்னேன். அவங்க ரெண்டு கையையும் ஆட்டி, "பேடா சார், வேணாம்"ன்னுட்டாங்க. "ஃபெப்ரவரி பதினாலு வரைக்கும் கெலசா இருக்குது, தலைக்கு மேல வேலை. காதலர் தினத்துக்கு இந்தப் பூவெல்லாம் ப்ளேன்ல போவணும். ஒரு நாளைக்கு ஆயிரத்தி ஐந்நூறு வெட்டறேன். லீவு கேட்டா மேனேஜர் என்ன வெட்டுவாரு." அப்புறம் கத்திரியக் கையில எடுத்துக்கிட்டு, "அதுவுமில்லாம, மேடத்துக்கு எடது கை நோவு. கை நோவு இருக்கறவங்களோட நான் எதுக்கு சார் மறுபடி சண்ட போடணும்?"ன்னாங்க.

"என்ன கை நோவு?"

"உங்களுக்குத் தெரியாதா? எடது கை தோளுக்கு மேல வரவே இல்ல சார். நான் நாலு நிமிஷம்தான் எதிர்ல நின்னேன், எனக்கே தெரிஞ்சிச்சி."

நான் ஏழு வருஷமா எதிர்ல நிக்கறேன் மாமா.

நான் என்ன வேலை பார்க்கறேன்னு தங்களுக்குத் தெரியும். குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன். ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு பீஸ் என் கையில வருது. ஒரு தலைமுடி கனத்துல பாதி வித்தியாசம் இருந்தாலும் எடுத்துத் தனியா வச்சிருவேன். அதுக்காக ரெண்டு தடவ பரிசு கொடுத்திருக்காங்க, அந்தக் கேடயம் எங்க வீட்டு டி.வி. மேல இருக்குது. அதே டி.வி.க்கு எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு நாலு மாசமா அவ தலைய பின்னிக்க மாடி வீட்டுக் காத்தூன் அக்காகிட்டப் போறத நான் பார்த்திருக்கேன். ரெண்டு பேரும் பேசிக்கறதுக்கு ஒரு சாக்குன்னு நினைச்சேன். மேல் தட்டுல இருக்கற டப்பாவெல்லாம் என்ன எடுக்கச் சொன்னா. என் உயரம் அஞ்சடி நாலங்குலம், அவ அஞ்சடி ஒம்பது. அப்பவும் எனக்குச் சந்தேகம் வரல மாமா, பெருமையா இருந்துச்சு. படுக்கறப்ப எனக்கு முதுகக் காட்டிப் படுத்தா. ஏதோ கோவம்னு நினைச்சு நானும் பதிலுக்கு முதுகக் காட்டிப் படுத்தேன். வண்டிய பாகலூர் ரோட்டு ஓரமா நிறுத்திட்டு இதெல்லாம் ஒண்ணொண்ணா யோசிச்சேன். கெம்பம்மா கொடுத்த ஒரு கட்டு ரோஜா வண்டியில இருந்துச்சு. வழியில போறவங்க, யாருக்கோ கொடுக்கப் போயி அடிபட்டு வந்து உட்கார்ந்திருக்கான்னு நினைச்சிருப்பாங்க.

வீட்டுக்கு வந்து நேராக் கேட்டேன். "கைய மேல தூக்கு"ன்னேன்.

"என்னாத்துக்கு?"

"தூக்கு சொல்றேன்."

தோள் மட்டத்துக்குத் தூக்கினா. அங்கயே நின்னுருச்சு. அதுக்கு மேல போகல. வலிய முகத்துல காட்டாம இருக்கப் பார்த்தா, ஆனா உதடு ஒரு பக்கம் கோணிருச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு மாமா. ஏன் சொல்லலன்னு கேட்டேன்.

"உங்ககிட்ட சொன்னா நீங்க எங்கப்பாகிட்ட சொல்லுவீங்க. அவருக்கு நெஞ்சு. எங்கப்பாவுக்கு வேண்டாம்னு மறைக்கணும்னா உங்ககிட்டயும் மறைக்கணும் இல்ல? வேற எப்படிங்க செய்யறது?"

அந்த நேரம் பார்த்து காத்தூன் அக்கா மாடியிலருந்து இறங்கி வந்தாங்க. கையில சீப்பு. என் மூஞ்சியப் பார்த்ததும், "தெரிஞ்சு போச்சா? அல்லா, நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலம்மா, எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்"ன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் கௌஸ் மொய்தீன் மளிகைக்கடை வச்சிருக்கறவர். அன்னைக்குச் சாயந்திரம் சக்கரை வாங்கப் போனேன், கடையில இருந்த ஆறு பேரும் பொற்கொடிக்குத் தோள் எப்படி இருக்குன்னு கேட்டாங்க. தெரியாதது எங்க தெருவுல நான் ஒருத்தன்தான்.

திங்கக்கிழமை லீவு போட்டு டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன். ஸ்கேன் எடுத்தாங்க. தோள்ல சவ்வு கொஞ்சம் கிழிஞ்சிருக்குதாம். ஆபரேஷன் தேவையில்ல, ஆனா ஆறு மாசத்துக்கு ஓய்வும் பயிற்சியும் வேணும், மறுபடி அடிபட்டா முழுசாக் கிழியும்னு சொன்னார். அவர் சொல்லிக்கிட்டிருக்கறப்ப கம்பவுண்டர் எட்டிப் பார்த்து, "மேடம், மறுமோதல் எப்ப?"ன்னார். டாக்டரே அவரத் திட்டிட்டு, என் பக்கம் திரும்பி மெதுவா, "எப்பன்னு முடிவாயிருச்சா?"ன்னார்.

ஆகவே மாமா, இத்தனை தூரம் எழுதியதன் நோக்கம் என்னவென்றால், நடந்தது விபத்து. ஊர் சொல்வதுபோல் கிளவுஸோ பிரியாணியோ வாசலோ காரணம் இல்லை. அந்த இடது தோள் நன்றாக இருந்திருந்தால் பொற்கொடி விழுந்திருக்கவே மாட்டாள். இதை நான் எல்லா விதத்திலும் ஆராய்ந்து உறுதி செய்துவிட்டேன். தாங்கள் ஊரில் தலை நிமிர்ந்தே நடக்கலாம். ஆனால் தயவுசெய்து கிளம்பி வந்து, "எந்திரிச்சுப் போய் வாங்கினதத் திருப்பிக் குடுத்துட்டு வா" என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். தாங்கள் சொன்னால் அவள் ஒரு கையோடாவது போய் நிற்பாள். மறுமோதல் கிடையாது. இனி அவள் ரிங்கில் ஏறப்போவதில்லை என்று நான் திட்டவட்டமாக முடிவு செய்துவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. தகுந்த நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரங்கள். தாங்கள் உப்பைக் குறைத்து, மாடிப்படியைத் தவிர்த்து, கோபத்தை ஒத்திவைத்து நீண்ட நாள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள மருமகன்,
சு. பாஸ்கரன்

பின்குறிப்பு: அப்பா, நான் பொற்கொடி. இவரு கவரு வாங்கக் கடைக்குப் போயிருக்காரு. லெட்டர மேசை மேலயே உட்டுட்டுப் போனாரு, படிச்சிட்டன். நான் தோத்த அன்னிக்குச் சாயந்திரமே உனக்குப் போன் பண்ணி, தோள் நோவு தவிர எல்லாத்தையும் சொன்னதும், நீ வீடியோ பாத்துட்டு "அடி சுத்தமா இருந்திச்சி"ன்னு சொன்னதும் இவருக்குத் தெரியாது. தெரிஞ்சா பதினாலு நாளு இவரு பட்ட பாடு வீணாப் போச்சேன்னு வருத்தப்படுவாரு, நீ இந்த லெட்டரப் படிச்சிட்டுத்தான் முதமுதல்ல கேக்கற மாதிரி ஒரு தடவ கத்திடு. மறுமோதலு ஆகஸ்ட்டு ரெண்டாவது ஞாயிறு. டாக்டரு சரின்னுட்டாரு, கமிட்டிக்கு நான் கையெழுத்துப் போட்டுட்டன், கெம்பம்மாவும் சீசன் முடிஞ்சிருக்கும் வரன்னு சொல்லிட்டாங்க. இவரு முடிவு பண்ணிட்டத எங்கிட்ட சொல்ற வரைக்கும் நானும் சொல்ல மாட்டன்.

இன்னொண்ணு. தோளாலதான் விழுந்தன்னு இவரு எழுதியிருக்காரு இல்ல, அது இல்லப்பா. நோவு எடது தோள்ல. அவங்க அடிச்சது வலது விலாவுல. ரெண்டு கையும் நல்லா இருந்திருந்தாலும் விழுந்துதான் இருப்பன். அப்படி ஒரு அடிய இத்தினி வருஷத்துல நான் வாங்கினது இல்ல, எங்க இருந்து வந்திச்சின்னே தெரியல. அத இன்னொரு தடவ பாக்கணும். நின்னுக்கிட்டே.